பங்குனி வெயிலில் காயாத பி.யூ. பாலிஷ்: நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
கிணத்துக்கடவு, கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
மரப் பாலிஷ் தயாரிப்பு நிறுவனம்.

நாள்: மே 2024

பொருள்: தயாரிப்பு தேதியை மறைத்து விற்ற பி.யூ. பாலிஷால் கிட்டார் பாழானது – பணத்தைத் திருப்பித் தரவும் நஷ்ட ஈடு வழங்கவும் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் இரண்டு பாக பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் செட்டை (பேஸ் என்கிற பாலிஷ் 1 லிட்டர், அதை இறுக வைக்கிற ஹார்டனர் அரை லிட்டர், கூடவே தின்னர்) கடந்த மாசியில் ஆன்லைனில் 2,850 ரூபாய்க்கு வாங்கினேன். நானே செய்த எலக்ட்ரிக் கிட்டாருக்கு அடிப்பதற்காக வாங்கியது. அடித்த பாலிஷ் காயவே இல்லை. மின்னஞ்சலில் புகார் செய்தேன். "பருவமழைக் காலத்தில் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்ததால் நேர்ந்தது, இதற்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று பதில் வந்தது. நான் பாலிஷ் அடித்தது பங்குனியில். அந்த மாதம் எங்கள் பக்கம் தென்னையைக் காப்பாற்ற லாரித் தண்ணீர் வாங்கி விட்டுக்கொண்டிருந்தோம். அடித்த அன்றும் சரி, அதற்கப்புறமும் சரி, ஒரு தூறல்கூட விழவில்லை. பதில் எழுதியவர் என் புகாரில் இருந்த தேதியைக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் விவரமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் பட்டறை ஒன்றில் பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஸ்ப்ரே கன்னும் கம்ப்ரசரும் எனக்குப் பழக்கப்பட்டவை. பேஸுக்கும் ஹார்டனருக்கும் அளவு தப்பினால் என்ன ஆகும் என்பது தினமும் பார்க்கிற சங்கதி. "கலவை விகிதம் சரியாக இருந்ததா?" என்று உங்கள் சேவை மையத்தில் மறுபடி மறுபடி கேட்டார்கள். டப்பாவில் போட்டிருந்தபடி 2-க்கு 1 என்று அளவுக் குவளையில் அளந்துதான் கலந்தேன். தின்னரும் நீங்கள் அனுப்பியதுதான். கம்ப்ரசரில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இருக்கிறது.

இனி கிட்டாருக்கு வருகிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்காகச் செய்தது. அதன் உடல் பகுதியான பாடி, எங்கள் அப்பா தோட்டத்தில் வைத்த மலைவேம்பு. இந்தப் பக்கம் மலைவேம்பை வெட்டினால் பெரும்பாலும் பிளைவுட்டுக்குத்தான் போகும். ஒரு அடிமரத்தை மட்டும் விற்காமல் வைத்து, மில்லில் பலகையாக அறுத்து, நிழலில் அடுக்கி நன்றாகக் காய வைத்தோம். கிட்டாருக்குப் பேர்போன மகோகனியும் மலைவேம்பும் ஒரே வேம்புக் குடும்பம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எடை குறைவு, கடைசல் சுத்தமாக வரும், லேசான சிவப்பு ஓடும் நிறம். ஆனால் ரேகையில் துளைகள் பெரிது. அவற்றை ஃபில்லரால் அடைத்து, தேய்த்து, மறுபடி அடைத்துத்தான் கண்ணாடி போன்ற மேற்பரப்பைக் கொண்டுவர முடியும். அதன் மேல் நடுவில் மஞ்சள், விளிம்புக்குப் போகப்போகக் கரும்பழுப்பு என்று சன்பர்ஸ்ட் முறையில் ஸ்டெயின் ஏற்றினேன். நெக் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி) உட்காரும் குழியில் பாலிஷ் ஏறினால் நெக் சரியாக உட்காராது. அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பாலிஷுக்கு அடியில் வரும் பூச்சான சீலர் அடித்து, 320 உப்புத்தாளில் இழைத்து, தூசியைத் துடைத்துவிட்டுத்தான் உங்கள் பி.யூ.வைத் திறந்தேன்.

1950-களில் அமெரிக்காவில் செய்த எலக்ட்ரிக் கிட்டார்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்தான் அடித்தார்கள். அது சீக்கிரம் காயும், பழசாகப் பழசாக அழகும் கூடும். ஆனால் வியர்வை பட்டால் மங்கும், ரப்பர் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் அந்த இடம் இளகிவிடும். எங்கள் ஊர் வெயிலில் மணிக்கணக்காக முழங்கையை வைத்து வாசிக்கிற பெண்ணுக்கு பி.யூ. தான் சரி என்று முடிவு செய்தேன். உங்கள் விளம்பரத்தில் "கிட்டார், வீணை போன்ற இசைக்கருவிகளுக்கு ஏற்றது, ஓர் இரவில் முழுக் கடினம்" என்று இருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன்.

அடித்த அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் தொட்டால் ஒட்டியது. சரி, இன்னும் ஒரு நாள் ஆகட்டும் என்று விட்டேன். ஒரு வாரம் கழித்தும் நகத்தை வைத்தால் பிறை போலத் தடம் விழுந்தது. மெல்லிய துணியால் மூடி வைத்ததில் துணியின் நெசவு அப்படியே பாலிஷில் பதிந்துவிட்டது, நூல்பிசிறும் உள்ளே சிக்கிக்கொண்டது. கலந்து மிஞ்சியதை ஒரு எவர்சில்வர் டம்ளரில் விட்டு வைத்திருந்தேன். நல்ல பி.யூ. என்றால் அது இறுகிக் கல்லாகியிருக்க வேண்டும். இன்னமும் டம்ளரைச் சாய்த்தால் மெதுவாக நகருகிறது. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சியில் மர பாலிஷ் வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட ஆசாரி ஒருவரிடம் கிட்டாரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, "அந்த ஹார்டனர் டப்பாவக் கொண்டா கண்ணு" என்றார். மீதியை ஒரு பாட்டிலில் வடித்துவிட்டு டப்பாவைக் குறுக்கே அறுத்தோம். மேலே இருந்ததுதான் தெளிந்த திரவம். அடியில் வெள்ளையாக, தயிர் உறைந்ததைப் போல ஒரு பொருக்கு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள், ஈரத்தோடு சேர்ந்தால் தானே வினைபுரிந்து இறுகிவிடும், பேஸோடு சேர மிச்சம் இருக்காது. ஆகவே ஈரம் காரணம் என்று நீங்கள் சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் அந்த ஈரம் புகுந்தது உங்கள் டப்பாவுக்குள், நான் சீலை உடைப்பதற்கு முன்பே. திறந்த அன்றே கிட்டாருக்கு வேண்டிய அளவைக் கலந்து அடித்துவிட்டேன். அதற்குள் வெளி ஈரம் புகுந்து ஹார்டனர் கெட நேரமே இல்லை.

அதோடு நிற்கவில்லை. டப்பாவில் தயாரிப்பு மாதம் "ஜனவரி 2024" என்று ஒரு ஸ்டிக்கர். அதன் ஓரம் லேசாகத் தூக்கியிருந்ததை ஆசாரிதான் கவனித்தார். பஞ்சில் தின்னரை நனைத்து மெல்ல உரித்தோம். கீழே தகரத்திலேயே அச்சடித்திருந்தது "செப்டம்பர் 2021". பக்கத்திலேயே, "தயாரித்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பயன்படுத்தவும்" என்றும் உங்கள் அச்சுதான் சொல்கிறது. என் கைக்கு வரும்போதே அந்தச் சரக்குக்குக் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி தயாரிப்பு மாதமும் வருடமும் பொட்டலத்தில் இருக்க வேண்டும், கட்டாய விவரங்களைத் தனி ஸ்டிக்கர் ஒட்டி மாற்றவும் கூடாது. விலையைக் குறைக்கும்போது மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. இந்த ஸ்டிக்கரை உங்கள் ஆலையில் ஒட்டினார்களா, கிடங்கில் ஒட்டினார்களா என்பதை விசாரித்து எனக்குச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

வானிலைதான் காரணம் என்று திரும்பவும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றும் செய்தேன். பொள்ளாச்சி கடை ஒன்றில் வேறு நிறுவனத்தின் பி.யூ. வாங்கி, அதே மலைவேம்பின் வெட்டுத்துண்டில், அதே சீலரின் மேல், அதே கன்னால், அதே கொட்டகையில் அடித்தேன். காலையில் நகம் பதியவில்லை. கொஞ்ச நாள் விட்டு 1000, 2000 வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், பளபளவென்று வந்தது. அந்தத் துண்டும் என்னிடம் இருக்கிறது.

புது டப்பா ஒன்று அனுப்பி வைக்கிறோம் என்று உங்கள் சேவை மையத்திலிருந்து ஃபோனில் சொன்னார்கள். அது போதாது. காயாத பி.யூ.வின் மேல் புதிதாக அடிக்க முடியாது. அதை எடுக்க உப்புத்தாள் போட்டால் ஒரு இழுப்பிலேயே தாள் அடைத்துக்கொள்கிறது. தின்னரில் துடைத்தால் சீலரும் சேர்ந்து இளகி, சன்பர்ஸ்ட் கலைந்து சேறாகிறது. கடைசியில் ஸ்கிரேப்பர் போட்டுச் சுரண்டி, வெறும் மரம் வரைக்கும் போக வேண்டியதாயிற்று. ஃபில்லர் வைத்ததும் ஸ்டெயின் ஏற்றியதும் எல்லாம் போயிற்று. கை வளைவுக்காகச் சீவிய விளிம்பில் ஓர் இடம் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. அது இனி நிரம்பாது. கல்லூரி விழாவில் அந்தக் கிட்டாரை வாசிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்த மகள், இன்னொருவரிடம் இரவல் வாங்கித்தான் மேடை ஏறினாள். அந்த விழா திரும்ப வராது.

இன்னொரு விஷயம், இது என் கிட்டாரைவிடப் பெரியது. உங்கள் டப்பாவில் எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்தில், உருப்பெருக்கி வைத்தால்தான் தெரிகிற எழுத்தில் இருக்கிறது. இந்தச் சரக்கை அதிகம் அடிப்பவர்கள் எங்கள் ஊர் ஆசாரிகளும் அவர்களிடம் வேலை பழகுகிற பையன்களும்தான். கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். ஐசோசயனேட் ஆவியைத் துண்டும் தடுக்காது, தூசி மாஸ்க்கும் தடுக்காது. ஸ்ப்ரே அடிக்கும்போது அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். ஐசோசயனேட்டைத் தடுக்கத் தகுந்த சுவாச மாஸ்க் போட வேண்டும், காற்றோட்டம் வேண்டும் என்பதையும் கலவை விகிதத்தையும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடியுங்கள். தமிழ்நாட்டில் விற்கிறீர்கள், விளம்பரத்தைத் தமிழில் போடுகிறீர்கள், இதையும் தமிழில் போடலாம்.

நான் கேட்பது: பாலிஷ் செட்டின் விலை 2,850 ரூபாய், சுரண்டி எடுத்துத் திரும்ப ஃபில்லர், ஸ்டெயின், சீலர், பி.யூ. வைக்க ஆசாரி கொடுத்த மதிப்பீடு 4,500 ரூபாய்; இரண்டும் சேர்த்து 7,350 ரூபாய். மன உளைச்சலுக்கு என்ன தருவீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். அதே பேட்ச் ஹார்டனர் இன்னும் எந்தக் கடையில் இருந்தாலும் உடனே திரும்பப் பெற வேண்டும். அந்த பேட்ச் எண் தெரியும் புகைப்படத்தையும், ரசீது நகலையும், மதிப்பீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அறுத்த டப்பா, உரித்த ஸ்டிக்கர், டம்ளர், வெட்டுத்துண்டு எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் யாரையாவது அனுப்பினால் காட்டுகிறேன், மீந்த ஹார்டனரில் பாதியைச் சோதனைக்குக் கொடுத்தும் அனுப்புகிறேன். முழுதையும் தர மாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. தேதியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியது பற்றி எடையளவுத் துறைக்குத் தனியாக எழுதுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கிணத்துக்கடவு.