மைக்செட்காரரை மாத்தினா போதும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க தொழில்நுட்ப பக்கத்துல ‘லினக்ஸ்ல சவுண்டு வேலை சரிப்பட்டு வராது, பாட்டு ரெக்கார்டிங் பண்றவங்க அந்தப் பக்கமே போகாதீங்க’ன்னு போட்டிருந்தீங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்டிருந்தா நானும் தலையாட்டிட்டு போயிருப்பேன், இப்ப முடியல, அதான் எழுதறேன்.

எங்க அக்கா வீட்ல வாய்ப்பாட்டு சொல்லித்தர்றாங்க. பழைய லேப்டாப், அதுல உபுண்டு 22.04, லினக்ஸ்ல ஒரு வகை ஓ.எஸ். பிரவுசர்ல சுருதி ஓடணும், அதே நேரம் ஆர்டோர்ங்கற சாஃப்ட்வேர்ல ரெக்கார்டிங்கும் ஆகணும், அவங்க கேட்டது இவ்ளோதான். ஆனா ஆர்டோருக்காக ஜாக்ங்கற சவுண்டு சர்வரை ஸ்டார்ட் பண்ணின உடனே சுருதி பொசுக்குனு நின்னுடும், சுருதியை முதல்ல விட்டா சவுண்டு கார்டு பிஸின்னு ஜாக் கிளம்பவே கிளம்பாது. கடையில காட்டினதுக்கு பார்மட் அடிச்சு வேற ஓ.எஸ். போட்டுக்கோங்கன்னுட்டாங்க.

விஷயம் என்னன்னா, சவுண்டு சர்வர்ங்கறது கல்யாண வீட்டு மைக்செட்காரர் மாதிரிங்க. கார்டுகிட்ட நேரா பேசறது ஓ.எஸ்.ஸோட மையமான கெர்னல்ல இருக்கற ஆல்சா, அதுக்கு மேல உக்காந்து எந்த ஆப் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு எவ்ளோ வால்யூம்ல போகணும்னு கலக்கி விடறவர் இவர். ரொம்ப வருஷமா அது பல்ஸ்ஆடியோ, ஃபெடோராங்கற இன்னொரு லினக்ஸ்ல 2007லயும் உபுண்டுல 2008லயும் வந்தது, வந்த புதுசுல அது வாங்காத திட்டு இல்ல. கச்சேரி வேலைக்குன்னே தாமதமில்லாம ஓடற இன்னொரு மைக்செட்காரர் ஜாக். ரெண்டு பேருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணுதான், அதான் அடிதடி.

இந்த அடிதடியை தீர்த்து வச்ச புது மைக்செட்காரர்தான் பைப்வயர், ரெட் ஹேட்ங்கற லினக்ஸ் கம்பெனில இருக்கற விம் டேமன்ஸ் ஆரம்பிச்சது, மொதல்ல வீடியோவுக்குன்னு வந்து அப்புறம் ஆடியோவையும் தலையில தூக்கிக்கிச்சு. பல்ஸ்ஆடியோன்னு கூப்பிட்டாலும் ஜாக்னு கூப்பிட்டாலும் ‘சொல்லுங்க’ன்னு இதுவே வந்து நிக்கும், ஆள் மாறினது பிரவுசருக்கும் தெரியாது ஆர்டோருக்கும் தெரியாது, இந்த சாமர்த்தியம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சுது. 2021ல ஃபெடோரா 34 இதுக்கு மாறிடுச்சு, உபுண்டு 2022 அக்டோபர்ல வந்த 22.10ல.

அக்காவோடது 22.04ங்கறதால நாமளேதான் மாத்தணும். பைப்வயர் அதுல ஏற்கனவே இருக்கு, ஸ்கிரீன் ஷேர் மாதிரி வீடியோ வேலைக்கு மட்டும். பைப்வயர்-பல்ஸ், பைப்வயருக்கு துணையா ஓடற வயர்பிளம்பர், ஜாக்குக்கு வேண்டிய லைப்ரரி எல்லாம் போட்டேன், பல்ஸ்ஆடியோ சர்வீஸை நிறுத்தினேன், லாக்அவுட் பண்ணி உள்ள வந்து டெர்மினல்ல பாத்தா சர்வர் பேர் வரியில ‘பல்ஸ்ஆடியோ ஆன் பைப்வயர் 0.3.48’னு நிக்குது. அந்த சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நிக்கல, அக்காவோட புளூடூத் ஹெட்செட் கனெக்டே ஆகல. ஹெட்செட்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, பேரிங் பண்ணினதை அழிச்சு திரும்ப பேரிங் பண்ணி, மத்தியானம் பூரா போச்சு. கடைசில பாத்தா பைப்வயருக்கு புளூடூத் தனி பேக்கேஜாம், லிப்ஸ்பா-0.2-புளூடூத்னு பேரு. போட்டதும் கம்முனு சேர்ந்துக்கிச்சு.

இப்ப சுருதியும் ரெக்கார்டிங்கும் ஒண்ணா ஓடுது. பாடும்போது மட்டும் ஒயர் ஹெட்போன், ஏன்னா புளூடூத்ல தன் குரலே தனக்கு லேட்டா வந்து தாளம் தப்புது. பஃபர், அதாவது ஒரு தடவைக்கு சேத்து அனுப்பற சத்தம், 256 சாம்பிள் வச்சிருக்கேன், செகண்டுக்கு 48000 சாம்பிள்ங்கற கணக்குல அது சுமார் 5 மில்லிசெகண்டு, அக்காவுக்கு தாமதமே தெரியல. ஆசைப்பட்டு 128க்கு இறக்கினேன், பழைய மிஷின் தாங்கல, கொறகொறன்னுச்சு, திரும்ப ஏத்திட்டேன்.

அதனால அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்க. கூடவே அந்த புளூடூத் பேக்கேஜ் பேரையும் சேத்து போட்டுடுங்க, இன்னொருத்தருக்கு ஒரு மத்தியானம் மிச்சமாகும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்