படிப்பிக்கிற பிள்ளைக்கும் அது படிப்புத்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வகுப்பில் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்க விடுவதைப் பற்றிச் சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு பெற்றோர் கோபமாக எழுதியிருந்தார். 'என் மகள் படிக்கத்தான் பள்ளிக்கூடம் போகிறாள், படிப்பிக்க அல்ல' என்பது அவருடைய வாதம். நீண்டகாலம் கணிதம் படிப்பித்தவள் நான். அவர் கோபத்தில் பாதி நியாயம். மற்றப் பாதிக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

தரம் 8, திசைகொண்ட எண்கள். -3 - 5 என்ற கணக்குக்கு ஒரு பிள்ளை 8 என்று விடை எழுதிவிட்டாள். பக்கத்தில் இருந்த கெட்டிக்காரி 'பிழை, சய எட்டு (-8)' என்றாள். 'மைனசும் மைனசும் பிளஸ் எண்டு ரீச்சர் சொன்னவ தானே?' கெட்டிக்காரி பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தாள். விடை தெரியும், ஏன் என்று தெரியாது. பிறகு கேட்டாள்: 'கன்ரீனில உனக்கு முப்பது ரூபா கடன். இன்னும் ஐம்பது ரூபாவுக்குக் கடனுக்கு வாங்கினா?' 'எண்பது ரூபா கடன்.' 'அப்ப கடனும் கடனும் சேர்ந்து எப்பிடியடி காசாகும்?' ரீச்சர் சொன்ன விதி பெருக்கலுக்கானது என்பது, கொப்பியைப் பின்னுக்குப் புரட்டியபோதுதான் இருவருக்கும் தெரிந்தது. எத்தனை புள்ளி எடுத்தும், அந்தக் கெட்டிக்காரியிடம் 'ஏன்' என்று எந்த வினாத்தாளும் கேட்டிருக்காது.

எங்கள் ஊரில் இன்னொரு பயமும் இருக்கிறது, யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். பல துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகிறது. ஒரே மாவட்டப் பிள்ளைகள் தங்களுக்குள் போட்டியிடுவதால் பக்கத்து வாங்கில் இருப்பவரே போட்டியாளர். எந்த ரியூட்டரிக்குப் போகிறோம் என்பதைக்கூட மறைக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உயர்தரத்தில் அந்தப் பயம் சரி என்றே வைத்துக்கொள்வோம். தரம் 8 இல் என்ன போட்டி? சாதாரண தரத்தில் பக்கத்துப் பிள்ளை கணிதம் சித்தியடைந்தால் உங்கள் பிள்ளையின் ஏ சித்தி பீ சித்தியாக இறங்கிவிடப் போவதில்லை.

நியாயமான பாதி வேறு. ஆசிரியர் இல்லாத பாடவேளையில் ஒரு பிள்ளையை எழுப்பி 'நீ சொல்லிக்கொடு' என்று விடுவது சட்டாம்பிள்ளை வேலை. திண்ணைப் பள்ளிக் காலத்திலேயே இது இருந்தது. 1789 இல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பாக வந்த அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோய், பிள்ளைகளையே பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வைத்தார். 1797 இல் அவர் அதை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதுதான் அவர்களுக்குப் பிடித்தது. அந்த மலிவே அதைக் கெடுத்தது. பிள்ளைகள் ஒப்புவித்தார்கள், விளங்கியதா என்று கேட்க ஆளில்லை. யாழ்ப்பாணத் தீவகப் பாடசாலைகளில் ஆசிரியர் வெற்றிடம் இருக்கும்வரை இங்கும் யாருக்காவது இந்த ஆசை வரும். வெற்றிடத்துக்கு ஆசிரியரைத்தான் போடவேண்டும்.

சரி, எப்படிச் செய்வது? முதலாம் பிள்ளையைக் கடைசிப் பிள்ளையோடு இருத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சரிவராது. ஒருவருக்குப் பொறுமை போய்விடும், மற்றவருக்கு வெட்கம் வந்துவிடும். 30 பிள்ளைகள் என்றால் முதலாம் பிள்ளைக்கு 16ஆம் பிள்ளை, இரண்டாம் பிள்ளைக்கு 17ஆம் பிள்ளை என்று சேர்த்தால் இடைவெளி அளவாக இருக்கும். அந்த வரிசை ரீச்சரின் கொப்பிக்குள் இருந்தால் போதும், வகுப்பில் வாசிக்கத் தேவையில்லை. ஒரு பாடவேளையில் 15 நிமிடம் ஒதுக்கலாம். சொல்லிக்கொடுப்பவர் கையில் சரியான விடைகள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிழையும் சேர்ந்து பரவும். பாதி நேரத்தில் இருவரும் மாறவேண்டும். விடைத்தாள் கையில் இருந்தால் பின்தங்கிய பிள்ளையும் கெட்டிக்காரியைக் கேள்வி கேட்கலாம், அவளும் விளக்கிச் சொல்லத்தான் வேண்டும். மாறாவிட்டால் ஒருவர் எப்போதும் குரு, மற்றவர் எப்போதும் மொக்கு. ரீச்சர் மேசையில் இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருக்க முடியாது, வாங்கு வாங்காக நடந்து காது கொடுக்கவேண்டும். இது ஆசிரியருக்கு ஓய்வு என்று நினைப்பவர்கள் ஒருநாள் செய்து பார்க்கட்டும்.

தரம் 11 வரை காத்திருந்தால் நேரம் பிந்திவிடும். அப்போது பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களோடு ரியூட்டரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். தரம் 7, 8 தான் சரியான இடம். மேற்பார்வைக்கு வருகிற அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன்: அந்த 15 நிமிடச் சத்தத்தைக் கேட்டுவிட்டு 'வகுப்புக் கட்டுப்பாடு போதாது' என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கோண்டாவில்.