ரசம் வைத்துக் கொடுத்து அனுப்பு

அன்புள்ள தோழிக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. பேத்தி நடக்கப் பழகிவிட்டாள். வீட்டில் ஒரு பாத்திரமும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து அதே நினைப்புதான். அம்மா படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத தம்பி மனைவி, அடக்கம் முடிந்த மறுநாளே நகையைக் கேட்டு நின்றாள் என்றால் யாருக்குத்தான் ஆறும்? இப்போது அவள் முழங்கால் ஆபரேஷன் முடிந்து உன் தெருவிலேயே படுத்திருக்கிறாள். “மன்னிக்கணும்னு தெரியுது, மனசு வரமாட்டேங்குது” என்று எழுதியிருக்கிறாய். மனசு வரட்டும் என்று காத்திருக்காதே.

ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே ஊழியம் செய்ய வந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை நினைத்துப் பார். 1999 ஜனவரியில், ஒரிசாவில் மனோகர்பூர் என்ற கிராமத்தில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவரையும் இரண்டு பையன்களையும் தீ வைத்துக் கொன்றார்கள். பிலிப்புக்கு 10 வயது, தீமோத்திக்கு 6. நம்ம ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த அம்மா “மன்னித்துவிட்டேன்” என்று சொன்னதைத்தான் இன்றும் பிரசங்கங்களில் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிந்தைய வருஷங்கள். ஆஸ்திரேலியாவுக்கு அப்போதே புறப்பட்டுப் போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? 2004 வரை ஒரிசாவிலேயே இருந்து, பாரிபடாவில் கணவர் பார்த்துவந்த தொழுநோயாளர் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார்.

நாம் இரண்டு பேரும் நர்ஸாக இருந்தவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். உணர்ச்சியில்லாத காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சுரண்டி, எண்ணெய் தடவி, புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும். மறுநாள் அதே கால், அதே புண். மன்னிப்பும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வாயால் ஒரு தடவை சொல்லிவிடலாம்; அதன்பின் தினமும் கையால் செய்தாக வேண்டும்.

ரோமர் 12-ஐ மறுபடி எடுத்து வாசி. உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனம் கொடு என்கிறார் பவுல். முதலில் மனசைச் சரிபண்ணிக்கொள், அப்புறம் கொடு என்று அங்கே இல்லை. சோற்றையும் தண்ணீரையும்தான் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் எங்கள் ஊர்க் கோயிலில் அசன விருந்து நடந்தது. வாய்க்கால் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு வீடுகள் இங்கே உண்டு. அதில் ஒரு வீட்டுப் பெரியவர் வாளியோடு பந்தியில் பரிமாறிக்கொண்டே வந்தவர், மற்றவரின் இலை முன்னால் நின்று, “இன்னும் கொஞ்சம் கறி போடட்டுமா?” என்று கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேருக்கும் இன்னும் பேச்சு இல்லை. ஆனால் போன வாரம் அந்த வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் கூடிப்போனபோது, ராத்திரி ஆட்டோ பிடித்துக் கொடுத்தது இந்தப் பெரியவர்தான்.

நகை விஷயத்தை விட்டுக்கொடு என்று நான் சொல்லவில்லை. அம்மா உனக்கென்று சொன்ன வளையலை நீ கேட்கத்தான் வேண்டும், பெரியவர்களை வைத்துப் பேசத்தான் வேண்டும். ஸ்டெயின்ஸ் அம்மா மன்னித்தார் என்பதற்காக வழக்கு நின்றுவிடவில்லையே. 2003-ல் தண்டனை வந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஆயுள் தண்டனை உறுதியானது. நியாயம் கேட்பதும் மன்னிப்பதும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் நடக்கலாம். மன்னித்தால் நகையை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் உனக்கு இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அதனால் நாளைக்கே மிளகு ரசம் வைத்து, குழையச் சோறு வடித்து, உன் மகனிடம் கொடுத்து அனுப்பு. முதல் நாளே நீ போய் நிற்க வேண்டாம். அவளுக்கும் கூச்சமாக இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துப் போ. தையல் போட்ட இடத்தைப் பார், காலை மடக்கி நீட்டும் பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறாளா என்று கேள். வலிக்குப் பயந்து நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் முழங்கால் இறுகிப்போகும். உன்னைவிட அதைச் சொல்லிக்கொடுக்க அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? அம்மா பேச்சை அவள் எடுத்தாலும் அன்றைக்கு நீ எடுக்காதே.

அவளுக்காகவும் உனக்காகவும் ஜெபிக்கிறேன். கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன், ஈஸ்டருக்கு மகன் அந்தப் பக்கம் வரும்போது கொடுத்து விடுகிறேன். அதில் பாதி அவளுக்கு. பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி