இன்ஷூரன்ஸ் இல்லாத நேரத்தில் பெரிய நோய் வந்தால்: அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரு கடிதம்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே எல்லோரும் நலம். மருமகனுக்கு டல்லஸில் வேலை போனதிலிருந்து, இன்ஷூரன்ஸ் இல்லாதபோது பெரிய நோய் வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்குப் போனில் பதில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அவனுக்கும் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லை என்றால் ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அத்தான் கேள்விப்பட்டது எமர்ஜென்சிக்குப் பொருந்தாது. 1986-ல் வந்த எம்டாலா என்ற சட்டம் இருக்கிறது. முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரிடம் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகள், அதாவது ஏறக்குறைய எல்லா ஆஸ்பத்திரிகளும், எமர்ஜென்சி பிரிவுக்கு வந்து நிற்கிறவரைப் பரிசோதித்தே ஆகவேண்டும். ஆபத்தான நிலை என்றால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பிரசவ வலியோடு வருகிறவருக்கும் இது உண்டு. பணம், இன்ஷூரன்ஸ், விசா எதைக் கேட்டும் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆகவே நெஞ்சு வலிக்கும்போதோ, முகம் கோணி வாய் குழறும்போதோ பில்லை நினைத்து வீட்டில் உட்காரவே கூடாது. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 911 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் போனிலாவது ஏற்பாடு செய்து தருவார்கள்; அதற்குக் காசு இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் ஆபத்தைத் தணிப்பதோடு நின்றுவிடுகிறது. புற்றுநோய்க் கட்டியிலிருந்து ரத்தம் கொட்டினால் நிறுத்துவார்கள். கீமோ ஆரம்பிக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. 'டாக்டரைப் போய்ப் பாருங்கள்' என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பலாம். செய்த வைத்தியமும் இலவசம் இல்லை, பில் பின்னாலேயே வரும். நம்ம ஊர் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி போல உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் மீதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு இங்கே கிடையாது. இங்கே உதவி நிறையவே உண்டு; ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு. கேட்காதவருக்குத் தானாக எதுவும் வராது. எனக்கு இந்த நாட்டில் ஆறாத வருத்தம் அதுதான். நோயில் கிடக்கிறவனால்தான் அந்தக் காகிதங்களை நிரப்ப முடியாது.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் 'எனக்கு இன்ஷூரன்ஸ் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். கெடு தாண்டாதவரை அது முழு உண்மை இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் வேலை போனால், கோப்ரா என்ற சட்டப்படி அதே பாலிசியை 18 மாதம் தொடரலாம். இதுவரை கம்பெனி கட்டிய பங்கையும் இனி அவனே கட்ட வேண்டும், மொத்தப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை. அந்தத் தொகையைப் பார்த்துத்தான் எல்லோரும் கடிதத்தைத் தூக்கி மூலையில் போடுகிறார்கள். அதில்தான் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. கடிதம் வந்த நாள், பாலிசி முடிந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 60 நாள் யோசிக்க நேரம் உண்டு. சம்மதம் சொன்ன பிறகு முதல் பணம் கட்ட இன்னும் 45 நாள். எப்போது சேர்ந்தாலும் பாலிசி முடிந்த நாளிலிருந்தே கணக்கில் வரும். அதாவது 50-வது நாளில் குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனாலும், அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டு, விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டினால் ஆபரேஷன் செலவைப் பாலிசி ஏற்கும். ஆஸ்பத்திரியில் முதலில் 'பாலிசி இல்லை' என்று காட்டும். அதற்குப் பயப்பட வேண்டாம், சேர்ந்தபின் பில்லை மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். ஆகவே அந்தக் கடிதத்தை அவன் பத்திரமாக வைத்திருக்கட்டும். 44 நாளாகியும் வரவில்லை என்றால் கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்கட்டும். பழைய வீட்டு முகவரிக்குப் போய்த் தொலைந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

பாலிசி முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு சந்தையிலும் பாலிசி வாங்கலாம். ஹெச்-1பி வேலை விசாக்காரர்களுக்கும் அந்த உரிமை உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி மறுக்க முடியாது. ஆனால் அது முன்தேதியிட்டு வராது, பெரும்பாலும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான். இடைப்பட்ட நாட்களுக்குக் கோப்ராவை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதத்துக்கு மார்க்கெட்பிளேஸில் சேர்வதுதான் நான் அவனுக்குச் சொல்லும் யோசனை. 60 நாளைத் தவறவிட்டால் நவம்பர் 1-ல் தொடங்கும் பொதுச் சேர்க்கைவரை காத்திருக்க வேண்டியதுதான். டெக்சாஸில் ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகெய்டை அவன் நம்பவே வேண்டாம். அந்த மாநிலம் அதை விரிவாக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத, ஊனமும் இல்லாத வயது வந்தவருக்கு வருமானமே இல்லாவிட்டாலும் அங்கே கிடைக்காது. விசாக்காரருக்குக் கேட்கவே வேண்டாம்.

எல்லாக் கெடுவும் தாண்டிப்போய் பெரிய நோயும் வந்துவிட்டால் என்ன வழி? முதலில் அது எந்த வகை ஆஸ்பத்திரி என்று பார்க்க வேண்டும். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகள் வரிச்சலுகை வாங்குகின்றன. அதற்குப் பதிலாக, வசதியில்லாதவர்களுக்கு நிதியுதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2010-ன் ஒபாமா காலச் சட்டம் கட்டாயமாக்கியது. இதைச் சாரிட்டி கேர் என்பார்கள். வருமான வரம்பை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தானே வைத்துக்கொள்ளும், அதனால் அந்தந்த ஆஸ்பத்திரியின் திட்டத்தைத்தான் படிக்க வேண்டும். இங்கே நியூ ஜெர்சியில் மாநிலமே வரம்பு வைத்திருக்கிறது. மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 200 சதவீதம்வரை வருமானம் என்றால் முழு இலவசம், 300 சதவீதம்வரை பகுதித் தள்ளுபடி. 2025-ன் கணக்கில் தனியாளுக்கு வறுமைக் கோடு ஆண்டுக்கு 15,650 டாலர். ஆக அந்த ஆண்டு 31,300 டாலர்வரை முழுத் தள்ளுபடி. சேமிப்பும் பார்ப்பார்கள்; அதற்கு வரம்பு தனியாளுக்கு 7,500, குடும்பத்துக்கு 15,000 டாலர்.

விண்ணப்பிக்க அந்த 2010 மத்தியச் சட்டம் தரும் நேரம், டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள். முதல் 120 நாளில் அவர்கள் வழக்குப் போடவோ கடன் மதிப்பெண்ணில் கை வைக்கவோ கூடாது. வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்ட பில்லுக்கும் 240 நாளுக்குள் விண்ணப்பித்தால் அந்த நடவடிக்கையை நிறுத்தி வைக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ பேர் ஊரில் நிலத்தை விற்றுப் பணம் அனுப்பச் சொல்கிறார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

கேட்கும் காகிதங்கள் இவை: அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தமோ மின்சார பில்லோ, சம்பளச் சீட்டுகள், வேலை இல்லை என்றால் வேலைநீக்கக் கடிதம், சென்ற ஆண்டு வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம். விண்ணப்பம் தள்ளுபடி ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் வருமானம் அல்ல, ஏதோ ஒரு காகிதம் குறைவது. வங்கிக் கணக்கில் ஒரு பக்கம் விட்டுப்போனாலும் 'முழுமையில்லை' என்று கிடப்பில் போட்டுவிடுவார்கள். நகல் எடுத்து, யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். படுக்கையில் இருக்கும்போதே 'ஃபைனான்ஷியல் கவுன்சிலரையும் சோஷியல் வொர்க்கரையும் பார்க்க வேண்டும்' என்று நர்ஸிடம் சொல்லிவிடுவது நல்லது. நிரப்பத் தெரியாதவர்களுக்கு 'டாலர் ஃபார்' என்ற தொண்டு நிறுவனம் காசு வாங்காமல் நிரப்பித் தருகிறது.

இன்னொரு சிக்கல், ஒரே ஆபரேஷனுக்குப் பல பில் வரும். ஆஸ்பத்திரிக்கு ஒன்று, எமர்ஜென்சி டாக்டருக்கு ஒன்று, மயக்க மருந்து டாக்டருக்கும் ஸ்கேன் படித்தவருக்கும் தனித்தனி, ஆம்புலன்ஸுக்குத் தனி. சாரிட்டி கேர் பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் தொடும். நியூ ஜெர்சியிலும் அப்படித்தான். டாக்டர்களின் அலுவலகங்களுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலை அனுப்பி 'எங்களுக்கும் குறையுங்கள்' என்று தனியாகக் கேட்க வேண்டும். எந்த பில்லுக்கும் முதலில் விவரமான பில் கேட்டு, செய்யாத சோதனை, இரண்டு முறை கணக்கில் ஏற்றிய மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எமர்ஜென்சி வருகைக்கு 99281 முதல் 99285 வரை ஐந்து படிக் குறியீடு உண்டு. சின்னக் காயத்துக்கு உச்சப் படியான 99285 போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். மிக முக்கியமாக, கிரெடிட் கார்டில் கட்டிவிடக் கூடாது. கட்டிய நொடியில் அது மருத்துவக் கடன் அல்ல, வட்டிக் கடன். சாரிட்டி கேர் கேட்கும் பிடியும் தளர்ந்துபோகும்.

முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் எழுத்தில் செலவு மதிப்பீடு வாங்கும் உரிமை 2022 ஜனவரி முதல் இருக்கிறது. பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாளுக்குள் அரசிடம் முறையிடலாம், கட்டணம் 25 டாலர்.

கீமோ, டயாலிசிஸ் போல மாதக்கணக்கில் இழுக்கும் வைத்தியத்துக்கு ஏழைகள் கடைசியில் போய்ச் சேர்வது கவுண்டியோ (நம்ம ஊர் மாவட்டம் போல) நகரமோ நடத்தும் அரசு ஆஸ்பத்திரிகளுக்குத்தான்: டல்லஸில் பார்க்லண்ட், ஹூஸ்டனில் பென் டாப், நியூயார்க்கில் பெல்வியூ. இவற்றின் நிதியுதவி பொதுவாக அந்தந்த எல்லைக்குள் வசிப்பவர்களுக்கே. மருமகன் இருக்கும் இர்விங் டல்லஸ் கவுண்டியில் வருவதால் பார்க்லண்டில் விண்ணப்பிக்கலாம். வாடகை குறைவென்று பிளேனோ பக்கம் மாறினால் அது காலின் கவுண்டி, அந்த வழி அடைபட்டுவிடும். வீடு மாற்றும் முன் இதை அவன் யோசிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மத்திய அரசு உதவி பெறும் சமூக மருத்துவ நிலையங்கள் பல ஊர்களில் உண்டு. அங்கே வருமானத்துக்கேற்ற கட்டணம்தான்; பெரிய நோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க அதுதான் வழி.

மாத்திரை விலையும் கடைக்குக் கடை மாறும். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரையை 2022-ல் காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் என்ற ஆன்லைன் மருந்துக்கடை மாதம் 50 டாலருக்கும் குறைவாக விற்க ஆரம்பித்தது. மற்ற கடைகளில் அதே மருந்தின் பட்டியல் விலை ஆயிரக்கணக்கில். காப்புரிமை உள்ள விலையுயர்ந்த மருந்துகளுக்கு, தயாரிக்கும் கம்பெனியே இலவசமாகத் தரும் திட்டங்கள் உண்டு. டாக்டர் கையெழுத்தும் வருமானச் சான்றும் வேண்டும்.

இனி நீங்கள் இரண்டு பேரும் ஏப்ரலில் வருவது பற்றி. விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி கிடையாது. மெடிகெய்ட் இல்லை, கவுண்டி உதவியும் பெரும்பாலும் இல்லை. பாலிசி இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். விலை மலிவான 'ஃபிக்ஸட்' பாலிசி ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு சின்னத் தொகையோடு நின்றுவிடும். 'காம்ப்ரிஹென்சிவ்' என்று இருப்பதை எடுங்கள். அத்தானுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் 'அக்யூட் ஆன்செட்' என்ற பிரிவு எத்தனை வயதுவரை, எவ்வளவு டாலர்வரை என்று படித்துப் பார்க்க வேண்டும். பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டும் அது தரும். மெதுவாக மோசமானால் தராது. ஸ்டென்ட் வைத்த ரிப்போர்ட், கடைசி ஈசிஜி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். தங்கும் நாளுக்கு மேல் ஒரு மாத மாத்திரையும் கூடுதலாக எடுத்து வாருங்கள். அக்கா, பல் வேலையை அங்கேயே முடித்துவிட்டு வா. விசிட்டர் பாலிசியில் அது பெரும்பாலும் சேராது.

பாலிசிக்குப் பணம் கட்டும் முன் விவரத் தாளை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். மருமகனிடம் கோப்ரா கடிதத்தில் போட்டிருக்கும் தேதியை இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி