ஏழு நிமிடம் எங்கே போயிற்று? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடந்த மூன்று வாரங்களாக முத்தியால்பேட்டையிலும், அதைத் தாண்டி லாஸ்பேட்டை வரையிலும், வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைப் பற்றி ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருப்பதைத் தங்களில் பலர் அறிவீர்கள். காய்கறி வாங்கப் போன இடத்தில் என் மனைவியிடமே ஒருவர் கைபேசியை நீட்டி, "இது உங்க கடைதானே?" என்று கேட்டார் என்றால், அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத் தாங்களே கணித்துக்கொள்ளலாம். மணிக்கூண்டுப் பக்கம் டிவிடி வாடகைக்கு விடுகிறவர் படங்களை வெட்டிக் காப்பி போட்டுத் தருகிறார் என்பதும், 'ஹீட்' படத்தில் முழுசாக ஏழு நிமிடத்தைக் காணோம் என்பதும்தான் அந்தச் செய்தி.

இதை முதலில் எழுதியவர் நம் கடைக்குப் புதியவர் அல்லர். வீடியோ கேசட் காலத்திலிருந்து வருகிறவர், வாங்கிய டிஸ்கைத் துடைத்து உறைக்குள் வைத்துத் திருப்பித் தருகிறவர், ஒரு நாளும் தாமதக் கட்டணத்திற்கு இடம் வைக்காதவர். ஆகையால் அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. 'வெட்டினார்' என்ற சொல்லைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'காப்பி' என்ற சொல்தான் உறுத்துகிறது. பேருந்து நிலையத்து வாசலில் முப்பது ரூபாய்க்கு ஆறு படம் என்று கூவி விற்ற காலத்திலும், உறையோடும் முத்திரையோடும் வந்த டிஸ்கைத் தவிர வேறொன்றை இந்த அலமாரியில் நான் ஏற்றியதில்லை.

அவர் செய்த கணக்கு தவறல்ல என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மைக்கேல் மான் இயக்கி 1995-இல் வெளிவந்த அந்தப் படத்தின் நீளம் 170 நிமிடம், அதாவது இரண்டு மணி ஐம்பது நிமிடம். நம் டிவிடியைப் போட்டால் பிளேயரில் ஓடும் எண் இரண்டு மணி நாற்பத்து மூன்றில் நின்றுவிடும். ஏழு நிமிடம் குறைகிறது என்பது மெய். ஆனால் அதில் ஒரு காட்சியும் குறையவில்லை.

சினிமாப் படச்சுருள் ஒரு விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம், அதாவது சுருளில் வரிசையாக உள்ள தனித்தனிப் படம்) என்ற கணக்கில் ஓடுகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதையொட்டி அமைந்த தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 சட்டம். அந்த முறைக்குப் 'பால்' (PAL) என்று பெயர் (பாண்லே பூத்தில் வாங்குகிற பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை, கடையில் இரண்டு முறை கேட்கப்பட்டுவிட்டபடியால், சொல்லிவைக்கிறேன்). 24 சட்டத்தில் எடுத்த படத்தை இந்த முறைக்கு மாற்றுகிறபோது, டிஸ்க் தயாரிக்கும் நிறுவனங்கள் சட்டங்களைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அதே சட்டங்களை விநாடிக்கு 25 என்று சற்று விரைவாக ஓட்டிவிடுகின்றன. நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடுகிறது. 170 நிமிடம் 163 நிமிடமாகிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே சில சட்டங்களைத் திரும்பக் காட்டி ஈடுகட்டுகிறார்கள், நீளம் மாறாது. புளூ-ரே டிஸ்கில் 24 சட்டம் அப்படியே பதியப்படுவதால் அதிலும் முழு 170 நிமிடம் ஓடும். வேகம் கூடும்போது ஒலியின் சுருதியும் சற்றே ஏறும், ஓர் அரைச்சுரத்திற்கும் குறைவாக. நமக்கெல்லாம் அது தெரியாது. வீணை வாசிக்கும் வாடிக்கையாளர் அம்மா ஒருவர் மட்டும், பல ஆண்டுகளுக்கு முன், "இந்த டிஸ்குல எல்லாரும் கொஞ்சம் தொண்டையைத் தூக்கிப் பேசுறாங்களே" என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இதையெல்லாம் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

சொன்னால் மட்டும் போதாது என்று, சென்ற வாரம் புதன்கிழமை மாலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேசை மீது இரண்டு தொலைக்காட்சிகளை அருகருகே வைத்தேன். ஒன்றில் டிவிடி, மற்றொன்றில் அதே படத்தின் புளூ-ரே. ஒரு ரிமோட் என் கையில், மற்றது என் மகன் கையில்; மூன்று எண்ணி இருவரும் ஒன்றாக அழுத்தினோம். வாடிக்கையாளர்கள் ஆறு பேர் உடனிருந்தார்கள். பத்தே நிமிடத்தில் டிவிடி 25 விநாடி முன்னால் போயிருந்தது. படத்தின் நடுப்பகுதியில் ஒரு திரையில் அல் பசீனோவும் ராபர்ட் டி நீரோவும் காபிக் கடையில் எதிரெதிரே அமர்ந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். மறுதிரையில் அல் பசீனோ இன்னும் நெடுஞ்சாலையில் அவரைத் துரத்திக்கொண்டிருந்தார். வந்திருந்தவர்களில் ஒருவர் பில் புத்தகத்தின் பின்புறம் பென்சிலால் காட்சி காட்சியாகக் குறித்துக்கொண்டே வந்தார். இடையில் தேநீர் வாங்கிவரக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. முடிவில் இரண்டு வரிசைகளும் ஒன்றாகவே இருந்தன. படத்தின் முடிவை நான் சொல்லப் போவதில்லை. அந்த முடிவு இரண்டு டிஸ்கிலும் இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தாள் இப்போதும் கல்லாவுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது.

இதே படத்தை வீட்டில் பார்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வங்கிக் கொள்ளைக்குப் பிறகு வரும் தெருச் சண்டையில் கேட்கும் துப்பாக்கி ஒலி பிற்பாடு சேர்க்கப்பட்டதன்று. லாஸ் ஏஞ்சலிஸ் தெருவில் படப்பிடிப்பின்போதே பதிவானது. கட்டடங்களில் மோதித் திரும்பும் எதிரொலியும் அதிலேயே இருக்கிறது. வசனம் காதில் விழவில்லை என்று ஒலியைக் கூட்டி வைத்திருப்பவர்கள் அந்த இடம் வருவதற்கு முன் குறைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டார் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள்.

குறை சொல்வதற்கு வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. இந்தத் தொழிலில் அது எனக்குப் பழக்கந்தான். ஆனால் இல்லாததை எல்லாம் கடைக்காரன் எடுத்துவிட்டான் என்று நினைப்பது அண்மையில் கூடிவருகிறது. 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுப் படத்தை எடுத்துச் சென்றவர்களில் இதுவரை நாலு பேர், "நடுவில் சத்தமே வரவில்லை" என்று திருப்பித் தந்திருக்கிறார்கள். ஜூல்ஸ் தஸ்ஸன் 1955-இல் எடுத்த அந்தப் படத்தில் நகைக்கடைக் கொள்ளை ஏறத்தாழ அரை மணி நேரம் நடக்கிறது. அதில் ஒரு வசனம் இல்லை, பின்னணி இசையும் இல்லை. தரையில் உளி படும் ஓசையும் மூச்சும்தான். அமெரிக்காவில் அரசியல் காரணத்தால் வேலை மறுக்கப்பட்டுப் பிரான்சுக்கு வந்து படம் எடுத்த மனிதருக்கு, இந்தப் படத்திற்காகவே கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்தது. நகைப் பெட்டகத்தைத் திறக்கும் இத்தாலியக்காரராக அவரே நடித்தும் இருக்கிறார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஐயா ஒருவர் மட்டும் அந்த அரை மணி நேரத்திற்காகவே அதை வருடம் ஒருமுறை எடுத்துச் செல்கிறார். அவர் வீட்டில் அப்போது மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார்களாம்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' (1963) கறுப்பு வெள்ளைப் படம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் புகைபோக்கியிலிருந்து இளஞ்சிவப்பாகப் புகை எழும். டிவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை அழைத்த குடும்பம் ஒன்று உண்டு. அந்தப் புகை ஏன் எழுகிறது என்பதைச் சொன்னால் படமே போய்விடும். நிறம் இயக்குநர் வைத்தது என்பதுடன் நிறுத்திக்கொள்கிறேன். இது தமிழ்ப் படங்களுக்கும் பொருந்தும். 'அந்த நாள்' டிஸ்கில் பாட்டையெல்லாம் எடுத்துவிட்டீர்களே என்று ஓர் அம்மா வருத்தப்பட்டார். 1954-இல் வெளிவந்தபோதே அதில் பாட்டு இல்லை, ஆட்டமும் இல்லை. சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட 1943-ஆம் ஆண்டுப் பின்னணியில், ஒரு கொலையும் அதைப் பற்றி ஆளுக்கொன்றாகச் சொல்லும் கதைகளும்தான் படம். அதை எடுத்த எஸ். பாலசந்தர் வீணை வித்துவான் என்பதை நினைத்தால், பாட்டை விட்டுவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கமல்ஹாசன் நடித்த 'குருதிப்புனல்' (1995) படத்திலும் பாட்டு கிடையாது. இவை இரண்டின் உறையிலும் இனிமேல் 'பாடல்கள் இல்லாத படம்' என்று சிறு சீட்டு ஒட்டித் தருகிறேன்.

படத்தின் நடுவில் ஒரு கணம் உறைந்து நின்று மீண்டும் ஓடினால் அது கீறல் அல்ல. இரண்டு அடுக்கில் பதிந்த டிவிடியில் பிளேயரின் கண் முதல் அடுக்கிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம் அது. அப்போது டிஸ்கை வெளியே எடுத்து வேட்டியால் தேய்க்காதீர்கள். கீறல் அங்கேதான் பிறக்கிறது. இந்தியாவில் விற்பனைக்கு வந்த சில டிஸ்குகளில் வசைச்சொற்கள் ஒலி நீக்கப்பட்டிருக்கலாம். அதுவும் என் கை வேலை அல்ல. ஒரு டிஸ்கில் இரண்டு பழைய தமிழ்ப் படங்கள் சேர்ந்து வந்த வகையில் ஒன்றில் மட்டும் சில காட்சிகள் விடுபட்டிருப்பது உண்மை. அதை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

நடிகர் ஜீன் ஹாக்மன் மறைந்த 2025 பிப்ரவரிக்குப் பிறகு, அவர் நடித்த 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' (1971) கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். மேம்பால ரயிலைக் கீழே காரில் துரத்தும் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். 104 நிமிடப் படம் டிவிடியில் ஏறக்குறைய 100 நிமிடமாக ஓடும். அந்த நாலு நிமிடத்திற்கும் மேலே சொன்ன விளக்கமே பொருந்தும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு நீளமாக எழுதியது யாரையும் குறை கூறுவதற்காக அன்று. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் இந்த ஊரில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, கடையில் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் நான் அழைக்காமலே வந்து, கீழ்த்தட்டு உறைகளைப் பிரித்து, காகிதங்களை மாடியில் கயிறு கட்டிக் காயவைத்துக் கொடுத்தவர்கள் தாங்கள்தான். கொலைகாரர்களும் துப்பறிவாளர்களும் துணி கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காட்சியை என் மகன் படம் எடுத்து வைத்திருக்கிறான். இணையத்தில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் படியேறி வந்து பெயர் சொல்லி டிஸ்க் கேட்கும் தங்களால்தான் இந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறது. அந்த நன்றியை வாடகைச் சீட்டில் எழுத இடம் போதாது.

பிளேயர் லென்சுகள் முன்போல் கிடைக்காததாலும் கட்டட வாடகை கூடியதாலும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு டிஸ்கின் வாடகை 40 ரூபாய்க்குப் பதில் 60 ரூபாய். ஞாயிறு மாலையில் கடை இராது.

ஐயம் இன்னும் இருப்பவர்கள் எந்த வேலைநாள் மாலையிலும் வரலாம். இரண்டு தொலைக்காட்சிகளும் மேசை மேல் அப்படியே இருக்கின்றன. முதலில் எழுதிய ஐயாவுக்கு: தாங்கள் கேட்ட 'ஹீட்' புளூ-ரே டிஸ்கைத் தங்கள் பெயர் எழுதி உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் தரமாட்டேன். 'ரிஃபிஃபி' வெளியே போயிருக்கிறது, திங்கட்கிழமை திரும்பும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்
முத்தியால்பேட்டை, புதுச்சேரி