பச்சை உருளைக்கிழங்கில் தடுப்பு மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

மரபணு மாற்றிய செடிகளில், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்குரிய தடுப்பு மருந்துக்கான புரதத்தை விளைவிப்பது புதிய செய்தியன்று. அந்த வைரசின் மேலுறைப் புரதத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் 1992-லேயே புகையிலைச் செடியில் உருவாக்கிக் காட்டினர். 2005-இல் வெளியான ஆய்வில், முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு இப்புரதம் கொண்ட உருளைக்கிழங்கு வேகவைக்காமல், பாவம், பச்சையாகவே கொடுக்கப்பட்டது. மூன்று முறை உண்ட 16 பேரில் 10 பேருக்கு, அந்த வைரசை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளின் அளவு இரத்தத்தில் உயர்ந்தது. ஆயினும் கிழங்குக்குக் கிழங்கு புரதம் கூடவும் குறையவும் செய்யுமாதலால், வேளைக்கு இவ்வளவு என்று அறுதியிட முடியாத ஒன்றை மருந்தாகக் கொடுக்க இயலாது. எனவே புரதத்தைச் செடியிலிருந்து பிரித்து, தூய்மையாக்கி, அளந்து தரும் வழியே ஏற்கத்தக்கது என்பதும், அச்செடிகள் உணவுப் பயிர்களோடு கலவாதபடி மூடிய கூடங்களில் மட்டுமே வளர்க்கப்பட வேண்டும் என்பதும் என் கருத்து.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்