முதுகில் இருப்பதையும் சொல், தம்பி

கிளிநொச்சி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். ஏ9 வீதியால் போகும்போதெல்லாம் முறிகண்டிப் பிள்ளையாருக்கு உன் பெயரில் ஒரு தேங்காய் உடைக்கிறேன்.

பிரித்தானியாவில் நீ போட்ட அகதிக் கேஸைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில், "கேஸ் றிஜெக்ட், அப்பீல் போட்டிருக்கிறேன், யோசிக்காதீங்கோ" என்று மூன்று வசனத்தோடு வைத்துவிட்டாய். எனக்கு இரண்டு இரவு நித்திரை இல்லை. பிறகு சின்னம்மாவின் மகளைக் கூப்பிட்டேன். அவள்தானே யாழ்ப்பாணத்தில் சட்டம் படிக்கிறாள். நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய மறுப்புக் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். 14 நாளுக்குள் அப்பீல் போட்டது நல்லது, கேஸ் தீர்ப்பாயத்தில் இருக்கும்வரை உன்னைத் திருப்பி அனுப்ப முடியாது என்றாள். அதைக் கேட்டபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆனால் ஓரிடத்தில் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இங்கே தடுப்புக்காவலில் இருந்தபோது "ஒன்றிரண்டு தரம் அடித்தார்கள்" என்று மட்டும் முதல் நேர்காணலில் சொன்னாயாம். சித்திரவதை நடந்ததாக ஏற்க முடியாது என்று அதை வைத்தே எழுதியிருக்கிறார்கள்.

தம்பி, தடுப்பிலிருந்து வந்த முதல் கிழமை நீ கிணற்றடியில் சட்டையோடு குளித்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் காய்ச்சலில் குப்புறப் படுத்திருந்தாய். ஈரத்துணியால் துடைக்கலாம் என்று சட்டையைத் தூக்கினேன். இடது தோளுக்குக் கீழே மூன்று கோடு. ஒவ்வொன்றும் விரல் அகலம். இரண்டு காய்ந்து தோல் மினுங்கியது, நடுவில் இருந்தது ஆறவில்லை, துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பியைக் காய்ச்சி வைத்த அடையாளம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துடைத்துவிட்டுச் சட்டையை மெல்ல இறக்கிவிட்டேன். நீ நித்திரை என்று அன்று நினைத்தேன். முழித்துத்தான் இருந்திருப்பாய். இத்தனை வருஷமும் பார்க்காததுபோல நானும், நான் பார்த்தது தெரியாததுபோல நீயும் இருந்துவிட்டோம்.

மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், அவர் முன்னால் வாய் வரவில்லை என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதையே லோயரிடம் சொல். ஏன் அன்று சொல்லவில்லை என்பதையும் நீதிபதி தெரிந்துகொள்ள வேண்டும். வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாமாம். ஆட்களை வெளியே விட்டுவிட்டு விசாரிக்கும்படியும், பெயரை வெளியிடாமல் வைக்கும்படியும் கேட்கலாமாம். கோடுகளைத் தவிர வேறு ஏதும் நடந்திருந்தால், அதை அம்மாவுக்கு நீ சொல்ல வேண்டாம். லோயருக்கும் வைத்தியருக்கும் சொல்.

அவள் ஒரு தீர்ப்பை எனக்கு விளங்கப்படுத்தினாள். அதுவும் இலங்கையிலிருந்து போன ஒருவருடைய கேஸ், அதுவும் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்பு. அகதி விசாவுக்காக வேறு ஆளைக் கொண்டு அவரே சுடவைத்திருப்பார் என்று தீர்ப்பாயம் தள்ளிவிட்டது. கேட்கவே எனக்கு வயிறு எரிந்தது. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அதைப் பிழை என்றது. அப்படித் தன் உடம்பைச் சுடக் கொடுப்பவர்கள் மிக மிக அரிது, அதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றது. தழும்பு அவர் சொல்லும் கதையோடு பொருந்துகிறதா என்று வைத்தியர் கருத்துச் சொல்லலாம் என்றும் சொல்லி, கேஸைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது. அந்த மனிதரின் பெயர் தீர்ப்பில் இல்லை. கே.வி. என்ற இரண்டு எழுத்துத்தான்.

அதுபோல ஒரு வைத்திய அறிக்கை உனக்கும் வேண்டும். ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் என்று இரண்டு இடங்களின் பெயரை எழுதித் தந்திருக்கிறாள். தழும்பு பார்த்து அறிக்கை எழுதும் வைத்தியர்கள் அங்கே இருக்கிறார்களாம். விசாரணைத் தேதிக்கு முன் லோயரைக் கொண்டு எழுதுவி.

புலிகள் இயக்கத்தில் இருந்தது மட்டும் இப்போது போதாதாம். 2013இலும் 2021இலும் வந்த தீர்ப்புகளின்படி, இன்றைக்கும் உன்னில் இலங்கை அரசாங்கத்துக்குக் கண் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம். அதனால் நான் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து உன் போன் நம்பர் கேட்ட நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன், அந்தத் தேதியை எழுதினேன். இரண்டாம் தரம் வந்த தேதி ஞாபகம் இல்லை. மாரி மழை, முற்றத்தில் வெள்ளம் நின்றது என்று மட்டும் எழுதினேன்.

ஒரு ஆள் வீடு தேடி வந்து, காசு தந்தால் உன் பெயரில் பிடியாணை ஒன்று எடுத்துத் தரலாம் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பொய்க் கடதாசி ஒன்று பிடிபட்டால் உன் முதுகையும் பொய் என்பார்கள். உனக்கு யாராவது அங்கே அப்படிச் சொன்னாலும் கேட்காதே.

சத்தியக் கடதாசியோடு கிராம அலுவலரின் கடிதம், மெனிக் பாம் அகதி முகாமில் தந்த குடும்ப அட்டை, உன்னைத் தேடி மனித உரிமைகள் ஆணைக்குழுவில் பதிந்த துண்டு எல்லாம் வைத்திருக்கிறேன். துண்டில் மழைத்தண்ணீர் பட்டு ஒரு மூலை அழிந்துபோயிற்று, ஆனால் இலக்கம் வடிவாகத் தெரிகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பும் பின்னால் குத்தியிருக்கிறது.

விசாரணை பத்து மணிக்கு என்றாய். அப்போது இங்கே பின்னேரம் இரண்டரை. போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். முடிந்தவுடன் எடு, நல்லதோ கெட்டதோ. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே.

இந்த என்வலப்பை எறிந்துவிடாதே. எங்கிருந்து, எப்போது வந்தது என்பதற்கு முத்திரைதான் அத்தாட்சி. அதையும் லோயரிடம் கொடு.

அன்புடன்,
உன் அம்மா